எறும்பு எதிரே வருபவளை ஏன் நிறுத்துகிறது?

எறும்பும் பறவையும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எறும்புகளுக்கு வரிசை என்றால் என்னவென்றே தெரியாது. சர்க்கரையைக் கண்டாலும் சரி, மழையைக் கண்டாலும் சரி, முண்டியடித்துக்கொண்டுதான் ஓடும். ஒரு வழக்கம் மட்டும் மாறாது. அரிசிக் குருணை ஒன்றைத் தூக்கிக்கொள்ளாமல் எந்த எறும்பும் வீட்டைவிட்டுக் கிளம்பாது.

ஓர் ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. எறும்புகள் ஒரு பாறைமேல் ஒதுங்கின. அவற்றைப் பார்த்து மனம் இரங்கிய பெரிய பறவை ஒன்று இறங்கி வந்து, வாலைப் பாறையில் சாய்த்து வைத்தது.

"வால் வழியா ஏறுங்க. கழுத்துப் பக்கம் உட்காருறவங்க முதல்ல வாங்க, வால் பக்கம் உட்காருறவங்க கடைசியில வாங்க. அப்பதான் வழி அடைபடாது" என்றது பறவை.

உடனே சண்டை பிடித்துக்கொண்டது.

"பெரியவங்க முதல்ல ஏறட்டும். அதுதானே மரியாதை?" என்றது ஒரு கிழட்டு எறும்பு.

"நீங்க ஏறி வாசல்லயே உட்கார்ந்துக்குவீங்க. நாங்க உங்க தலையை மிதிச்சுக்கிட்டா போறது?" என்றது இன்னொன்று.

"பறவை சொல்றது நல்ல யோசனைதான். ஆனா ஆளாளுக்கு இடம் பிரிச்சு நிறுத்துறதுக்குள்ள தண்ணி வந்துடும். யார் முந்துறாங்களோ அவங்க ஏறட்டும்" என்றது மூன்றாவது.

இன்று விமானத்தில் பெட்டியோடு ஏறுகிறவர்களுக்கு இந்தச் சண்டை நன்றாகப் புரியும். மூன்று பேச்சிலும் நியாயம் இருந்தது. கடைசியில் மூன்றாவது கட்சிதான் ஜெயித்தது.

கறுப்பாயி என்ற எறும்பு கெட்டிக்காரி. முட்டி மோதி முதல் ஆளாக ஏறிவிட்டாள். அவள் தங்கை பூவரசி, குருணையை விட்டுவிட்டு ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்தாள்.

வால் முடிந்து முதுகு தொடங்கும் குறுகலான இடத்தில் கறுப்பாயி நின்றாள். குருணையை ஓர் இறகுக்கு அடியில் செருகினாள். அது நழுவியது. மறுபடியும் செருகினாள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அக்கா, நகருக்கா! தண்ணி காலைத் தொட்டிருச்சு!" என்று கீழிருந்து கத்தினாள் பூவரசி.

"இருடி, ஆச்சு. குருணை விழுந்துடும்ல" என்றாள் கறுப்பாயி.

வெள்ளம் பாறையை மூடியது. பறவை பாவம், என்ன செய்யும்? எழும்பிவிட்டது.

மறுகரையில் இறங்கியதும் கறுப்பாயி ஒவ்வொருத்தி முகத்தையும் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். யாரும் பூவரசியைப் பார்க்கவில்லை. குருணை மட்டும் செருகிய இடத்தில் பத்திரமாக இருந்தது. "பாவி நான், கொஞ்சம் ஓரமா நின்னிருக்கலாமே" என்று அழுதாள். அந்தக் குருணையை அவளால் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் எறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. எவ்வளவு பெரிய சுமையானாலும் வழியை மறித்து நிற்பதில்லை. எதிரே ஒருத்தி வந்தால் மட்டும் ஒரு கணம் நின்று, முகத்தோடு முகம் வைத்துக் கேட்கின்றன: "எங்க பூவரசி ஏறிட்டாளா?"