காதில் கடுக்கன் போட்ட புலி

ரொம்ப ரொம்ப முன்னாடி, புலிக்கும் பேச்சு வந்த காலத்தில், மருதங்காட்டை ஆண்டான் விசயகேது ராசா. ஆண்டானா? ஏய்த்தான்!

எப்படியென்று கேளுங்கள். எந்தத் தெரு அவனை எதிர்த்து முணுமுணுத்தாலும் அங்கே ஒரு புலி வரும். உறுமும். சனங்கள் குப்புற விழுந்து, "காப்பாத்துங்க ராசா!" என்று அலறுவார்கள். ராசா வருவான். "ஓடு!" என்பான். ஓடிவிடும். உடனே வீட்டு நெல்லையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, அவன் காலிலும் விழுவார்கள். வயிறு எரியுதா இல்லையா?

ஊரில் தமுக்கடித்துச் சேதி சொல்கிறவர் முத்திருளன். ஒருநாள் அரண்மனை மந்திரவாதி வந்து, "நாளைக்கு மேலத்தெருவுக்குப் புலி வருதுன்னு கூவு. நெல்லை எடுத்து வைக்கட்டும்" என்றான்.

"ஏன் சாமி, நாளைக்கு வரப்போறேன்னு ராசாகிட்ட இன்னைக்கே சொல்லிட்டுப் போனது யாரு? புலியா?"

கேட்டது அவ்வளவுதான். முத்திருளனைக் காணோம்.

மறுநாள் மேலத்தெருவில் உறுமல். எல்லாரும் குப்புற விழுந்தார்கள். முத்திருளன் மகள் சிட்டம்மை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். ஆடு, ஆந்தை, அதிகாரி, எந்தக் குரலையும் அப்படியே பேசிக்காட்டுகிற வாயாடி அவள். புலியின் காதில் செம்புக் கடுக்கன். அப்பாவின் கடுக்கன்!

"அப்பா?"

"ஓடிப்போ தாயி. கேள்வி கேக்கிறவனுக்கு மந்திரவாதி இந்த மாயத்தோலைப் போர்த்திடுறான். எனக்கு முந்தி இதுக்குள்ள கிடந்தவர் செத்தே போனார். ராசா குரலுக்குத்தான் இது கட்டுப்படும். கழன்றாலும் இன்னொருத்தர் மேல ஒட்டிக்கும்."

மந்திரவாதி பின்னால் வர, ராசா மீசையை முறுக்கிக்கொண்டு வந்தான். வாயைத் திறக்கும் முன் சிட்டம்மை அவன் குரலில் முழங்கினாள்:

"புலியே, நில்!"

நின்றது.

"புலியே, உண்மையைச் சொல்!"

சொன்னது. அத்தனையும் சொன்னது. சனங்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள்.

"புலியே, தோலைக் கழற்று!"

அப்பா நின்றார், வேர்த்து வடிய. தோல் தாவி, தடுக்கப் பாய்ந்து வந்த ராசாமேல் ஒட்டிக்கொண்டது.

"கழற்று! கழற்று!" என்று கத்தினான் ராசா. புலித்தொண்டையில் கத்தினால் தோல் கேட்குமா? உறுமிப் பார்த்தான். ஒருத்தரும் விழவில்லை.

முத்திருளன் தமுக்கை அடித்தார். "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது! இன்னைக்கு வந்த புலி நம்ம ராசாதான்! எந்திரிங்க!"

சிட்டம்மை ராசா குரலிலேயே சொன்னாள்: "ஓடு!"

ஓடினான். பின்னாலேயே மந்திரவாதியும்.

புலி காட்டுக்குப் போச்சு, நெல்லு வீட்டுக்கு வந்துச்சு.