நாலாவது ஓரம்

கலாமணியிடம் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் தெய்வானை டீச்சர்தான் மூத்தவர். கற்றுக்கொடுப்பவளுக்கு முப்பத்தாறு வயது, கற்றுக்கொள்பவருக்கு அறுபது. போதாக்குறைக்கு, கலாமணிக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரே இந்த டீச்சர்தான். கணக்கு ஏறவில்லை என்பது வேறு கதை.

"இனி நீதான் எனக்கு டீச்சர்" என்றார் தெய்வானை, வந்த முதல் நாள்.

"அப்பொ தப்புப் பண்ணுனா பெஞ்சு மேல ஏத்திருவனுங்க" என்றாள் கலாமணி.

சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்துக் கையில் கொடுத்தாள். அது ஆனி மாதம்.

திருப்பூரில் துண்டுத்துணிக்குப் பஞ்சம் கிடையாது. கலாமணியும் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிள் முன்னால் பத்து வருடம் நின்றவள். முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டாள். எப்போது போனாலும் அங்கே நாலைந்து வேலை பாதியில் கிடக்கும். தொட்டில் விரிப்பு ஒன்று, கிழிந்து வந்த போர்வை ஒன்று, மிதியடி ஒன்று, யாரோ கொண்டுவந்து போட்ட சுருக்குப்பை ஒன்று. முடிந்த வேலை என்று எதையும் பார்க்க முடியாது. முடிந்தது அன்றைக்கே உரியவர் வீட்டுக்குப் போய்விடும்.

தெய்வானை தைக்க வந்தது ஒரே ஒரு போர்வை. மகள் ஹேமாவுக்கு.

ஹேமா கோத்தகிரியில் இருந்தாள். அவளே பார்த்து முடித்துக்கொண்ட கல்யாணம். அம்மா போகவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருடம் பேச்சுவார்த்தையே இல்லை. இந்த ஆனியில்தான் ஹேமா போன் செய்தாள். முழுகாமல் இருக்கிறேன், மூன்று மாதம் ஆகிறது என்றாள். தெய்வானை, "அங்க குளுரா கண்ணு?" என்று கேட்டுவைத்தார்.

"குளுருதும்மா" என்றாள் மகள்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் போர்வை. டிரங்குப் பெட்டியில் ஹேமாவின் பழைய துணிகள் இருந்தன. பள்ளிக்கூடத்து நீலப் பாவாடை, பூப்போட்ட கவுன்கள், காலேஜுக்குப் போட்ட சுடிதார்கள். டீச்சர் அதையெல்லாம் நாற்பத்திரண்டு சதுரங்களாக வெட்டினார். வெட்டுவதற்கு முன்னால் கிராஃப் தாளில் கட்டம் போட்டு வண்ணமும் அடித்துக்கொண்டார். சதுரங்களைச் சேர்த்து மேல்துணி, நடுவில் மெத்தென்ற பழைய சேலை, அடியில் வெள்ளை வேட்டி. மூன்றையும் ஒன்றாகத் தைத்து, நான்கு ஓரத்துக்கும் பட்டி கட்டினால் போர்வை. அவ்வளவுதான் வேலை. ஒரு மாதத்தில் முடியும் என்று கலாமணி சொன்னாள்.

ஆடி வந்தது. ஆவணி வந்தது. போர்வை மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை.

டீச்சர் தைப்பார். தைத்ததை மேஜையில் விரித்து மரஸ்கேலை வைத்துப் பார்ப்பார். பிறகு தையல் பிரிக்கும் முள்ளை எடுப்பார்.

"இந்த மூலையும் அந்த மூலையும் சேரல பாரு."

"நூலளவு தானுங்க."

"நூலளவு தப்பும் தப்புத்தான். முப்பத்திரண்டு வருசம் இதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்."

அந்த முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு வருடம் அவளும் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான்.

ஒரு நாள் தெய்வானை கேட்டே விட்டார். "கலாமணி, ஒரு போர்வை சரியா வந்திருச்சுன்னு எதை வெச்சுச் சொல்றது?"

கலாமணி எழுந்துபோய், பாதியில் கிடந்த தலையணை உறை ஒன்றை எடுத்துவந்தாள். "இதைக் கொஞ்சம் தெச்சுக் குடுங்க டீச்சர். எதிர்வீட்டுக்குக் குடுக்கோணும்."

டீச்சர் ஒரே மத்தியானத்தில் முடித்துக் கொடுத்தார். கலாமணி அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள்.

"மூலை ரெண்டு நூலு தள்ளியிருக்குதுங்களே."

"தலகாணி உறைதானே. யாரு மூலையப் பாக்கப்போறா? குடு, பரவால்ல."

கலாமணி அதை மடித்து வைத்தாள். அடுத்த வாரம் ஒரு சுருக்குப்பை கொடுத்தாள். அதுவும் ஒரே நாளில் முடிந்தது. தொட்டில் விரிப்பு மூன்று நாளில் முடிந்தது. எதையும் டீச்சர் ஒரு தரம்கூடப் பிரிக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில்தான் வரவில்லை. வேலை வாங்கிக்கொள்கிறாள், பதில் மட்டும் சொல்லமாட்டேன் என்கிறாள் என்று டீச்சருக்கு உள்ளூர ஒரு மனத்தாங்கல்.

ஐப்பசியில் ஹேமாவுக்கு ஏழாம் மாதம். மாமியார் வீட்டில் வளைகாப்பு வைத்தார்கள். "நீ வரோணும்மா" என்று ஹேமா இரண்டு தடவை போன் செய்தாள்.

"போர்வை முடிஞ்சதும் வந்தர்றேன் கண்ணு" என்றார் தெய்வானை.

வளைகாப்பு நாளன்று காலையிலேயே கலாமணி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, நாலாவது வரிசையைப் பிரித்தார். பெற்றவளாக முதல் வளையலைப் போட வேண்டிய கை அது. அன்று முழுக்க நூலைத்தான் உருவிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு வளைகாப்புங்களா?" என்று கலாமணி கேட்டாள்.

"ஆமா."

"போகலீங்களா?"

"வெறுங்கையோட எப்படிப் போறது?"

கலாமணி டீ போட்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அது ஆறிப்போய் ஆடை கட்டியது.

மார்கழி பிறந்தது. ஹேமா மறுபடியும் போன் செய்தாள். இன்னும் இரண்டு வாரம்தான் என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். கடைசியில், "உனக்கு முடியலைன்னா வராட்டியும் பரவால்லம்மா" என்றாள். திட்டியிருந்தால் தெய்வானை தாங்கியிருப்பார். இந்தப் பரவாயில்லையைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் கலாமணி வீட்டுக்கு வந்தவர் முகம் வீங்கியிருந்தது. மேல்துணியை விரித்தார். ஆறு வரிசையும் சேர்ந்திருந்தது. நீலப் பாவாடைத் துணி இருந்த இடத்தில் ஒரு மூலை மட்டும் துளி ஏறியிருந்தது. முள்ளை எடுத்தார்.

"அதை விட்டுருங்க டீச்சர்" என்றாள் கலாமணி.

"இது ஒண்ணுதான். இதைச் சரிபண்ணிட்டா முடிஞ்சுது."

இரண்டு தையல்தான் பிரித்திருப்பார். நீலத்துணி தையல் ஓடிய வழியிலேயே பரக்கென்று கிழிந்துகொண்டு போனது. ஒரு சாண் நீளம். ஓரத்தில் இழை இழையாகத் தொங்கியது.

டீச்சர் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கலாமணி துணியை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். கிழிந்த இடத்துக்கு மேலும் கீழும் ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரிந்தன. வெளிச்சம் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தது.

"இந்த இடத்தை எத்தனை தடவை பிரிச்சீங்க?"

"ஏழு இருக்கும்."

"ஏழுதானுங்க. தொளை சொல்லுது."

"நான் தப்பைத்தானே கண்ணு திருத்தினேன்?"

"தலகாணி உறையில தப்பு இருந்துச்சுங்க. நீங்க திருத்தல."

தெய்வானை நிமிர்ந்து பார்த்தார்.

"சுருக்குப்பையில வாயே கோணலு. தொட்டில் விரிப்புல ஒரு கட்டம் தலகீழா இருந்துச்சு. அதையெல்லாம் வாங்கிட்டுப் போனவங்க சந்தோசமாத்தான் போனாங்க. நீங்களும் சந்தோசமாத்தான் குடுத்தீங்க." கலாமணி துணியை மேஜையில் வைத்தாள். "இதை மட்டும் ஏனுங்க முடிக்க மாட்டீங்கறீங்க?"

டீச்சர் கிழிசலின் இழைகளை நீவிவிட்டுக்கொண்டே பேசினார்.

"பொண்ணு கேக்க அவங்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மாவும் அப்பாவும். கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி வந்தாங்க. நான் வாசல்லதான் நின்னேன். அவங்க கேட்டுக்கு வெளிய நின்னாங்க."

"ம்."

"நான் 'வாங்க'ன்னு கூப்பிடல."

கலாமணி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த ஊர்ப்பக்கம் பகையாளி வந்தாலும் முதலில் 'வாங்க' என்றுதான் சொல்வார்கள். சண்டையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"அந்தம்மா கையில பூவும் பழமும் வெச்சிருந்தாங்க. கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் திரும்பிப் போயிட்டாங்க. வெயில்லயே நின்னுட்டு, வெயில்லயே போனாங்க. ஒரு சொம்புத் தண்ணி குடுக்கல நான்." டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இப்பொ அந்தம்மா வீட்டுக்குத்தான் நான் போகோணும். அவங்க என்னைப் பாத்து 'வாங்க'ன்னு சொல்லுவாங்களா? சொல்லலைன்னா நான் எங்க நிக்கிறது?"

"அதுக்குத்தான் போர்வைங்களா?"

"கையில ஒண்ணு இருந்தா, குடுக்க வந்தேன்னு சொல்லலாமில்ல. யாரும் கூப்பிட வேண்டியதில்ல. குடுத்துட்டு, பொண்ணை ஒருதரம் கண்ணுல பாத்துட்டு, அடுத்த பஸ்ஸுலயே வந்தரலாம். அந்தப் போர்வையில குத்தம் சொல்ல ஒண்ணும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் கண்ணு நான் நெனச்சேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆறு மாதமாக மரஸ்கேலை வைத்து எதை அளந்துகொண்டிருந்தோம் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

கலாமணி முள்ளை எடுத்து மிஷின் டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். கூடைக்குள் கையை விட்டு, அகப்பட்ட ஒரு மஞ்சள் துண்டை எடுத்துக் கிழிசலுக்கு அடியில் வைத்தாள். ஊசியில் ஏற்கெனவே வெள்ளை நூல் இருந்தது.

"நீலநூல் போடலாமே" என்றார் டீச்சர், பழக்கதோஷத்தில்.

"எதுக்குங்க?"

"தையல் தெரியாம இருக்கும்."

"கிழிஞ்சது தெச்சதுன்னு தெரிஞ்சாத் தெரிஞ்சுட்டுப் போகுதுங்க" என்று கலாமணி வெள்ளை நூலாலேயே தைத்தாள். நெருக்கமான தையல். தைத்துவிட்டு இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துக் காட்டினாள். கிழிசல் அசையவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பேருமாக உட்கார்ந்தார்கள். மேல்துணி, சேலை, வேட்டி மூன்றையும் அடுக்கி, நகராமல் இருக்க நீள நீளமாகக் கச்சாத் தையல் போட்டார்கள். ஒரு பக்கம் கலாமணி, எதிர்ப்பக்கம் டீச்சர். டீச்சரின் தையல் இரண்டு இடத்தில் வளைந்தது. அவர் கை தன்னையறியாமல் முள்ளைத் தேடி மேஜையில் துழாவியது. கலாமணி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். கை கொஞ்ச நேரம் தேடிவிட்டுத் திரும்ப ஊசிக்கே வந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஓரப்பட்டி கட்டினார்கள். முதல் ஓரம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதை டீச்சரே தைத்தார். நாலாவது ஓரத்தில் ஒரு முழம் போயிருக்கும், கலாமணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஊசியைப் போர்வையிலேயே குத்தி வைத்தாள்.

"நாளைக்குக் காலையில பஸ் எத்தனை மணிக்குங்க?"

"மேட்டுப்பாளையம் போயி மாறோணும். ஆறரைக்கு ஒண்ணு இருக்குது."

கலாமணி போர்வையை மடித்தாள். டீச்சரின் பையை இழுத்து அதற்குள் வைத்தாள். மேலே ஒரு நூல்கண்டையும் கத்தரிக்கோலையும் போட்டாள்.

"இன்னும் ஒரு ஓரம் இருக்குதே கண்ணு."

"இருக்குதுங்க."

"ஒரு மணி நேர வேலை. இப்பவே உக்காந்தா முடிஞ்சிரும்."

"முடிஞ்சிருமுங்க."

"அப்புறம் என்ன? முடியாத போர்வைய எப்படிக் கொண்டுபோயிக் குடுக்கறது?"

கலாமணி பையின் ஜிப்பை இழுத்து மூடி, அதை டீச்சரின் மடியில் வைத்தாள்.

"முடிச்சதைக் கொண்டுபோனா கேட்டுலயே நீட்டிட்டுத் திரும்பி வந்தரலாமுங்க டீச்சர். மிச்சம் தைக்கோணும்னா, உள்ள போயி உக்காரோணும்."