முழுசாகக் கேட்காத நாதஸ்வரம்

பல்லடத்தில் ஸ்பீக்கர் பெட்டி செய்யும் நாகவேணிக்கு ஒரே ஒரு சீடர் இருந்தார். பெயர் குழந்தைவேலு. வயது ஐம்பத்தாறு. குருவோ அவரைவிட இருபது வயது இளையவள். முப்பது வருடம் தறிக் குடோனில் ஃபிட்டராக இருந்தவர் அவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். ரகசியம் சொன்னாலும் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

அவர் இந்தத் தொழிலைக் கற்க வந்ததற்கு ஒரே காரணம்தான். மனைவி மயிலாத்தாளுக்குச் சர்க்கரையால் பார்வை போய்விட்டது. பகல் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பாட்டாவது துணையாக இருக்கட்டும் என்று கடையில் நல்ல ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கிப் போட்டார். ஒரு பாட்டு முடிவதற்குள், "காதெல்லாம் எரியுது, நிறுத்துங்க" என்றுவிட்டாள்.

கடைக்காரனை நம்பிப் பயனில்லை, நாமே செய்துவிடுவோம் என்று கிளம்பினார் குழந்தைவேலு. விடாக்கண்டர். அறுந்த நூலை முடிச்சுப் போடாமல் வீட்டுக்குப் போன ஆளே இல்லை.

முதல் பெட்டி செய்தார். நிறுத்தச் சொன்னாள். கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கரை மாற்றினார். நிறுத்தச் சொன்னாள். இரண்டாவது பெட்டிக்குள் பஞ்சு அடைத்தார், ஒயரை எல்லாம் புதிதாகப் போட்டார். அப்போதும் அதே கதைதான்.

மூன்றாவது பெட்டியைத் தூக்கி வந்து நாகவேணியின் மேஜைமேல் வைத்தார்.

"மாஸ்டரம்மா, இதுல என்ன கோளாறுன்னு சொல்லுங்க. இன்னிக்கு நான் விடறதா இல்லை."

அவள் ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்ணா."

"பலகை சரியில்லையோ?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பலகையத் திட்டாதீங்க. வாங்க, உங்க வீட்டுக்கே போலாம்."

வீட்டில் பெட்டியை வைத்து, அதே நாதஸ்வரத்தைப் போட்டார்கள். மயிலாத்தாள் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். குழந்தைவேலு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"எப்படி இருக்குது?"

"ம்."

"கீச்சுனு இருக்குதா? சித்தெ குறைக்கட்டா?"

"இருக்கட்டுங்க."

"தவுலு கேக்குதா? இந்தப் பொட்டியில அது தனியாக் கேக்கும். கேக்குதா இல்லியா?"

"கேக்குதுங்க."

"இப்ப? இப்ப எப்படி?"

மயிலாத்தாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்திருங்க. காது எரியுது."

குழந்தைவேலு பாட்டை நிறுத்தினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"கழட்டிர்றேன். நாலாவது பொட்டி செய்யறேன். பத்தாவதும் செய்வேன். இவ ஒரு பாட்டையாவது முழுசாக் கேக்கோணும்."

நாகவேணி அவர் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி ஜன்னல்மேல் வைத்தாள். கச்சேரியை மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

"ஒருக்கா வெளிய வாங்ணா."

"அவ நிறுத்தச் சொன்னா ஆரு நிறுத்தறது?"

"கூப்புடுவாங்க. வாங்க."

இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். ஆலாபனை நீண்டுகொண்டே போனது. குழந்தைவேலு எழுந்தார்.

"எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்."

"உக்காருங்க."

மறுபடி எழுந்தார்.

"உக்காருங்ணா."

நான்கு தடவை எழுந்தார், நான்கு தடவை உட்கார்ந்தார். உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. தவில் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதோடு இன்னொரு சத்தமும் கேட்டது. கட்டில் சட்டத்தை யாரோ தட்டுகிறார்கள். தாளம் பிசகாமல் தட்டுகிறார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு கோயில் திருவிழாவில் மேளக்காரர்களுக்குப் பின்னாலேயே தாளம் போட்டுக்கொண்டு நடந்தவள் மயிலாத்தாள். அந்தக் கையை அவர் மறந்தே போயிருந்தார்.

கச்சேரி முடிந்தது. அடுத்தது தானாகவே தொடங்கியது. நிறுத்துங்க என்ற குரல் வரவில்லை.

குழந்தைவேலுவின் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"மாஸ்டரம்மா, எந்த ஒயர மாத்துனீங்க? எனக்குத் தெரியாம எப்பப் பண்ணுனீங்க? சொல்லுங்க, எழுதி வெச்சுக்கறேன்."

"பொட்டியில ஒண்ணையும் தொடலீங்ணா," என்றாள் நாகவேணி. "உள்ள ஒரு இரைச்சல் இருந்துச்சு. அதை மட்டும் வெளிய கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிருக்கறேன்."