ஜீப்பில் வரும் மாப்பிள்ளை

குருவிப்பாறை ஆட்களைப் பற்றித்தானே கேட்டீர்கள்? சொல்கிறேன். இடையில் பேசாதீர்கள்.

செங்கோடனுக்குக் கல்யாணம். பெண் வீடு மலையடிவாரத்தில். மாப்பிள்ளை ஜீப்பில்தான் வந்து இறங்க வேண்டும் என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும். தவறினால் தை மாதம்தான்.

ஜீப்பை இரவல் தந்தவர் மெக்கானிக் சூசை. வண்டியின் மூக்கில் கரண்ட் விஞ்சு. ஒரு மோட்டார், உருளையில் சுற்றிய கம்பி, நுனியில் கொக்கி.

"சேத்துல மாட்டுனா இது இழுத்துடும்," என்றார் சூசை. "வெறுங்கையோட கம்பியத் தொடாதீங்க. அசையாத ஒண்ணுல கொக்கிய மாட்டுங்க. கம்பி மேல கம்பளி போடுங்க. இழுக்கறப்ப யாரும் கிட்ட நிக்கக் கூடாது."

மலை இறங்கியதும் வண்டி சேற்றில் மாட்டியது. மாட்டாமல் இருக்குமா?

தாய்மாமன் நல்லியண்ணன் கம்பியைப் பிடிக்கப் போனார். சித்தப்பா பழனியாண்டி தடுத்தார்.

"வெறுங்கையோடயா போற?"

"அட, ஆமால்ல."

சீர்த்தட்டிலிருந்து ஒரு கையில் தேங்காய் எடுத்தார். மறு கையில் வாழைச்சீப்பு. இனி கொக்கியை எதால் பிடிப்பது? பல்லால் கவ்வி இழுத்தார்.

"எதுல மாட்டுறது சித்தப்பா? அந்தப் புளியமரத்துல?" என்றான் செங்கோடன்.

"காத்துல ஆடுது பாரு."

"பாறை?"

"அதுல ஓணான் அசையுது."

சுற்றிலும் பார்த்தார்கள். வெகுநேரம் யோசித்தார்கள்.

"எனக்குத் தெரிஞ்சு," என்றார் சித்தப்பா, "இந்த ஜீப்புதான் அப்பலேர்ந்து அசையல."

நல்லியண்ணன் தலையாட்டினார். வாயில் கொக்கி. ஜீப்பின் கொக்கியை ஜீப்பின் பின்பக்கமே கொண்டுபோய் மாட்டினார்கள்.

கம்பிக்குக் கம்பளி போர்த்தினார்கள். கொக்கிக்குக் குரங்குக் குல்லாய் போட்டார்கள்.

"தள்ளி நில்லுங்க," என்றார் சித்தப்பா.

"விஞ்சு பொத்தான யாரு அமுக்குறது?"

"யாருமே கிட்ட நிக்கக் கூடாதுன்னாரு. அமுக்குறவன் ஆள் இல்லையா?"

நியாயம்தான். தள்ளி நின்றார்கள்.

"இங்கேர்ந்து வண்டி தெரியுதே மாமா," என்றான் செங்கோடன்.

"தெரிஞ்சா கிட்டதான்," என்றார் நல்லியண்ணன். வளைவு தாண்டினார்கள். "எதுக்கும் இன்னும் கொஞ்சம் போயிருவோம்."

தள்ளித் தள்ளிப் போனதில் மேளச் சத்தம் கேட்டது. கல்யாணப் பந்தல். மணி பத்துதான் ஆகியிருந்தது.

பெண்ணின் அப்பா ஓடி வந்தார். "வாங்க மாப்பிள்ளை. ஐயர் கூப்பிடறார்."

செங்கோடன் ஓரடி பின்வாங்கினான். "நான் இன்னும் வரலீங்க மாமா. ஜீப்புல வந்துக்கிட்டிருக்கேன்."

அவர் சாலையை எட்டிப் பார்த்தார். "அதானே, ஜீப்பக் காணோமே. சரி, பசியோட எதுக்கு நிக்கறீங்க? பந்தியில உக்காருங்க. மாப்பிள்ளை வந்ததும் சொல்லியனுப்பறேன்."

பொருத்தமான சம்பந்தம்.

செங்கோடன் மாலையும் கழுத்துமாக முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டான். பத்தரை அடித்தபோது கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்து, கூட்டத்தோடு நின்று சாலையைப் பார்த்தான்.

"பொறுப்பில்லாத மாப்பிள்ளை," என்றான்.