அக்கினி மூலைச் சார்ஜர்

பல்லடம் விசைத்தறி முதலாளி திருமூர்த்தி வாஸ்து பார்க்காமல் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார். அவர் எலக்ட்ரிக் கார் வாங்கியதும் இடி விழுந்தது டிரைவர் மாரப்பன் தலையில்.

"சுவத்துல மாட்டுற பெரிய சார்ஜர்தான் வேணும். கரண்டுன்னா தென்கிழக்கு, அக்கினி மூலை. அங்க இருக்கற உன்ற ரூமை இடிக்கோணும். சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிரு."

மாரப்பனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. மனைவி பொன்னாத்தாவுக்கு நிறைமாதம். அவள் அழுதுகொண்டே தட்டுமுட்டுச் சாமான்களைச் சாக்கில் கட்டினாள்.

மாரப்பன் முதலாளி முன்னால் கைகட்டி நின்றான். "காலி பண்ணிக்கறனுங்க. ஒரே ஒரு சந்தேகமுங்க. இந்தக் காருக்குச் சார்ஜ் சொருகற ஓட்டை முன்னாடி மூக்குல இருக்குதுங்க. நம்ம கேட்டு வடக்கால. அந்த மூலையில விட்டா, வண்டி ராத்திரி முச்சூடும் தெக்கால எமன் திசையைப் பார்த்து நிக்குமுங்க. பரவால்லீங்களா?"

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "ரிவர்ஸ்ல விட்டா?"

"ஒயர் எட்டாதுங்க."

முதலாளி தாடையைத் தடவினார். பிறகு காரோடு சும்மா வந்த சின்னச் சார்ஜரை எடுத்துவரச் சொன்னார். "வண்டியை வடக்கால பார்த்து நிறுத்தி, இதைப் போர்டிகோ பிளக்குலயே சொருகிக்கலாம். சுவத்துல அடிக்காத சாமானுக்கு வாஸ்து கிடையாது" என்றார். அந்தச் சாஸ்திரம் அந்த நிமிஷம்தான் பிறந்தது.

மாரப்பன் ஓடிவந்து சொன்னான். பொன்னாத்தா சிரிக்கவில்லை, சாக்கையும் பிரிக்கவில்லை.

"மூட்டை அப்படியே கெடக்கட்டும் மாமா. அவரு வாங்கற அடுத்த காருக்கு ஓட்டை பின்னாடி இருக்கும்."