ஓடுபாதைக் கதவின் சாவி

கடைசி வரி வரைக்கும் யாரையும் திட்டாமல் படிக்க முடிந்தவர்கள் மட்டும் இந்தக் கதையைப் படியுங்கள்.

மணக்காட்டூருக்கு வெளியே, யுத்த காலத்தில் போட்ட ஒரு விமானத் தளம் முள் மண்டிக் கிடந்தது. அதைச் சீர்செய்ய அரசாங்கம் மானியம் தருவதாகச் சொன்னது. நிபந்தனை ஒன்றே ஒன்று. சுற்றிலும் மதில் எழுப்ப வேண்டும். விமானம் இறங்கும்போது ஓடுபாதையில் மனிதக் கால் படக் கூடாது. நகராட்சிக் கூட்டத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது தலைவர் தணிகாசலத்தின் கை. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மண்டை உடைந்தவர்களும் பிரசவத்தில் சிக்கியவர்களும் அந்த வளைவுச் சாலையிலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய தங்கையும் அப்படிப் போனவள்தான்.

ஆனால் மதில் வளைக்கும் இடத்துக்குள், ஓடுபாதையைத் தாண்டினால்தான் கீழத்தெருக்காரர்களின் சுடுகாடு. அவர்களிடம் ஒரு முறை உண்டு. தூக்கிய பாடையை வீட்டுப் பக்கம் திருப்ப மாட்டார்கள். வழியில் இறக்கவும் மாட்டார்கள். தோள் வலித்தால் நின்ற இடத்திலேயே ஆள் மாறிக்கொள்வார்கள். கொள்ளிச்சட்டியை மகன்தான் தூக்குவான், அது சுடுகாடு சேரும்வரை அவன் கையை விட்டு இறங்கக் கூடாது. உங்கள் பாடையை ஒருநாளும் யாரும் மறிக்க மாட்டார்கள் என்று தணிகாசலம் அவர்களிடம் சத்தியம் செய்தார். ஓடுபாதையில் ஈ காக்கை இறங்காது என்று அரசாங்கத்திடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்.

மதிலில் கம்பிக் கதவு ஒன்று வைத்து, அதன் ஒரே சாவியை அற்புதம் என்ற காவல்காரியிடம் கொடுத்தார். அவள் புருஷன் இல்லாதவள். வெளியே காவல் கொட்டகையில் தூளி கட்டி, தவழும் பிள்ளையைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். "ரெண்டு பக்கமும் பொல்லாப்பு வராமப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தலைவர் காரில் ஏறிவிட்டார்.

பொல்லாப்பு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. மதில் எழும்பிக்கொண்டிருந்தபோது கீழத்தெருப் பாடை ஒன்றைக் கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னார்கள். நின்றார்கள். பொழுது சாயும்போது போலீஸ் தடியோடு வந்தது. பிணம் நடுரோட்டில் உருண்டது. அதன் பிறகு மதில் வேலையை மறித்த ஒரு கீழத்தெருப் பெரியவரை, மதில் கட்டிய ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கடப்பாரையால் மண்டையில் அடித்தார்கள். முதல் விமானம் வர இருந்த நாள் காலையில் அவர் உயிர் போயிற்று.

அவருடைய மகன் மாசானம் கொள்ளிச்சட்டியோடு முன்னால் வந்தான். பின்னால் பாடை. அதன் பின்னால் தெருவே வந்தது.

அற்புதம் அப்போது கதவுக்கு உள்ளே நின்றாள். விமானம் வருமுன் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, ஓடுபாதையில் மேயும் ஆடுகளை விரட்ட வேண்டியது அவள் வேலை. பிள்ளை வெளியே தூளியில் தூங்கியது. வானத்தில் இரைச்சல் கேட்டது.

"கதவத் தெற" என்றான் மாசானம்.

"சத்தம் கேக்குதுல்ல அண்ணே. அது எறங்கி நிக்கட்டும், மறு நிமிஷம் நானே தெறந்து விடறேன்."

"போன தடவையும் இதத்தான் சொன்னானுவ. எங்கப்பன் மண்டையப் பாத்துட்டு, அப்புறமா கொஞ்ச நேரம்னு சொல்லு."

மானியம் வாங்கிக் கட்டின கதவு, சும்மா சொன்னால் திறக்குமா என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். கம்பிகளுக்கு இடையே கல் பறந்தது. ஒன்று அவள் நெற்றியைப் பிளந்தது, இன்னொன்று பல்லை உடைத்தது. வாயில் ரத்தத்தோடு அவள் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

மாசானம் கொட்டகைக்குள் போனான். வெளியே வந்தபோது ஒரு கையில் கொள்ளிச்சட்டி, மறு கையில் பிள்ளை. மதிலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றிய குழி கதவோரமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மேலே பிள்ளையைத் தூக்கிப் பிடித்தான்.

"இப்பத் தெறப்பியா?"

அற்புதம் பிள்ளையைப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தாள். விமானம் மதிலைத் தொடுவதுபோல் தாழ்ந்து வந்தது. அதன் ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. கதவு திறந்தால் தெருவே ஓடுபாதையில் பாயும் என்று அவளுக்குத் தெரியும். முழங்காலில் விழுந்து கெஞ்சினாள். சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

கூட்டம் கதவை நெம்ப நெருக்கியது. யாரோ இடிக்க, சுண்ணாம்புச் சேற்றில் மாசானத்தின் கால் வழுக்கியது. விழப்போகிறவன் கை எதையாவது பற்றும். அவன் இரண்டு கைகளும் கொள்ளிச்சட்டியைப் பற்றின.

அதற்குப் பிறகுதான் சட்டியை எறிந்துவிட்டுக் குழிக்குள் குதித்தான். காலிலும் கையிலும் தோல் உரிந்துபோக அவன் தூக்கிக் கொண்டுவந்ததைப் பிள்ளை என்று சொல்ல முடியாது.

விமானம் ஓடி நின்றது. உள்ளே இருந்தவர்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அற்புதம் எழுந்து வந்து, சொன்னபடி கதவைத் திறந்தாள். பாடை தூக்கியவர்கள் யாரும் அடி எடுத்து வைக்கவில்லை.

ஊர் கூடியபோது மூவரும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். சாகிறவர்களைக் காப்பாற்றத்தான் மானியம் வாங்கினேன் என்றார் தணிகாசலம். பயமுறுத்தத்தான் தூக்கினேன், திறப்பது அவள் கையில் இருந்தது, அப்பனுக்குச் செய்ய வேண்டியதைத்தான் செய்ய வந்தேன் என்றான் மாசானம். "ஜன்னல்ல ஆளுங்க தெரிஞ்சாங்க" என்றாள் அற்புதம். பெற்றவளா இவள் என்று பெண்களே மண்ணை வாரித் தூற்றினார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இந்த மூவரில் சரியாக நடந்துகொண்டவர் யார்?

விடை: அற்புதம். மானியம் வாங்கியது தப்பில்லை. ஆனால் ஒன்றையொன்று அடித்துக்கொல்லும் இரண்டு வாக்குகளைக் கொடுத்தவர், அன்றைக்குத் தாமே சாவியோடு அங்கே நின்றிருக்க வேண்டும். மாசானத்தின் கோபம் நியாயம். ஏமாந்தவன் எப்படி நம்புவான்? ஆனால் பாடையைத் திருப்பக் கூடாது, இறக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் முறை. நிற்கக் கூடாது என்று அதில் இல்லை. அற்புதம் ஒருத்திதான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், முகம் தெரியாதவர்களின் உயிரையும் காப்பாற்றினாள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேன்.