எட்டு நிமிட வாசகர்

அருளானந்தம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருபத்தொன்பது வருடம் புத்தகம் வாங்கும் பிரிவில் இருந்தவர். ஐம்பத்தாறு வயதில் அவரை மின்னூல் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே தலைமை நஸீமா பானு. வயது முப்பத்து மூன்று.

முதல் நாளே அருளானந்தம் சொல்லிவிட்டார்.

"மேடம், எனக்கு இதுல அரிச்சுவடிகூடத் தெரியாது. நான் உங்க சிஷ்யன்."

நஸீமா சிரிக்கவில்லை. கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். அறுபதாயிரம் தலைப்புகள்.

"இதெல்லாம் நாம வாங்கினதா?"

"ஒண்ணுகூட வாங்கல சார்."

"வாங்காத புத்தகத்தை எப்படிக் கொடுக்கறது?"

"யார் வேணா திறந்து பாக்கலாம். ஒருத்தர் சேர்ந்தாப்ல பத்து நிமிஷம் படிச்சா, அது நம்ம நூலகத்துக்கு வாங்கினதா ஆயிடும். அதுக்கு முன்னாடி மூடிட்டா, இல்ல."

"அப்ப எதை வாங்கறதுன்னு யார் முடிவு பண்றது?"

"படிக்கிறவங்க."

அருளானந்தத்துக்கு அது பிடிக்கவில்லை. பட்டியல் காடு மாதிரி கிடக்கிறது, மாணவர்கள் தேடித் தவிப்பார்கள் என்றார்.

"யாரும் தொடாததை நான் எடுத்துடறேன் மேடம். இங்க எது ஓடும், எது தூங்கும்னு எனக்குத் தெரியும்."

"எடுங்க," என்றார் நஸீமா.

ஒரு வாரத்தில் நாலாயிரம் தலைப்புகளை நீக்கினார். அதில் ஒன்று, கண்ணும் காதும் இரண்டும் இல்லாத குழந்தைகளோடு உள்ளங்கை வழியாகப் பேசுவது பற்றியது. அதை யாரும் பத்து நிமிடம் படித்து வாங்க வைத்திருக்கவில்லை. யோசிக்காமல் நீக்கினார்.

மறுநாள் நூலகத்தின் கேள்விப் பெட்டிக்குப் பெயர் இல்லாமல் ஒரு குறிப்பு வந்தது.

'உள்ளங்கை மொழி பற்றிய புத்தகத்தை இன்று காணவில்லை. நூற்றுப் பதினான்காம் பக்கம் வரை வந்திருந்தேன். திரும்பக் கிடைக்குமா?'

"தப்பாச் சொல்றாங்க மேடம். அதை யாருமே படிச்சதில்ல."

நஸீமா இன்னொரு பட்டியலைத் திறந்தார். பத்து நிமிடத்துக்குள் மூடப்பட்டவற்றின் பட்டியல். அப்படி ஒன்று இருப்பதே அருளானந்தத்துக்குத் தெரியாது.

திங்கள், மதியம் ஒன்று பன்னிரண்டு முதல் ஒன்று இருபது. செவ்வாய், அதே நேரம். புதன், அதே நேரம். அவர் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். ஞாயிறு மட்டும் காலி.

"எழுபத்தோரு நாள்," என்றார். குரல் தானாக இறங்கிவிட்டது. "ஒரு நாள்கூட எட்டு நிமிஷத்தைத் தாண்டல. ஏன் மேடம்?"

"தெரியல சார்."

அருளானந்தம் புத்தகத்தைத் திரும்ப வைத்தார். மறுநாள் மதியம் சாப்பிடப் போகவில்லை. ஒன்று பன்னிரண்டுக்குத் தலைப்பின் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி வந்தது.

அருளானந்தம் எழுந்து நின்றுவிட்டார்.

ஒன்று இருபதுக்குப் புள்ளி அணைந்தது.

"நான் படிச்சாலும் வாங்கிடுமா மேடம்?"

"வாங்கிடும்."

உட்கார்ந்து திறந்தார். ஒரு தாய் தன் குழந்தையின் கையில் 'தண்ணி' என்று விரலால் எழுதுகிறாள். நானூறு தடவை எழுதுகிறாள். ஒரு நாள் குழந்தை அவள் கையைப் பிடித்து இழுத்து, அதே சொல்லைத் திருப்பி எழுதுகிறது. அவருக்கு நேரம் போனது தெரியவில்லை.

எட்டாவது நிமிடம் திரையில் ஒரு கட்டம் வந்தது. 'தொடர்ந்து படித்தால் இந்நூல் வாங்கப்படும். சம்மதமா?'

அவர் கை அப்படியே நின்றது.

"மேடம், இதைப் பாத்துத்தான் தினமும் மூடியிருக்காங்க. வாங்கற காசு தன் தலையில விழுமோன்னு பயந்து."

"இருக்கலாம்."

சம்மதத்தை அழுத்திவிட்டு மேலே படித்தார். பத்தாவது நிமிடம் புத்தகம் நூலகத்துடையதானது.

"இதை ஒரு நேரத்துல ஒருத்தர்தான் படிக்க முடியும் சார்," என்றார் நஸீமா. "நாளைக்கு ஒரு மணிக்கு நீங்க மூடிடணும்."

மறுநாள் ஒரு மணிக்கு மூடினார். பன்னிரண்டு நிமிடம் கழித்துப் பச்சைப் புள்ளி வந்தது. ஒன்று இருபது ஆனது. அணையவில்லை. ஒன்றரை. அணையவில்லை. இரண்டு மணி. அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

"மத்ததையும் திரும்ப வச்சிடறேன் மேடம்," என்றார் அருளானந்தம்.

"ஏன் சார்?"

"யார் படிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவர் கண் இன்னும் புள்ளியிலேயே இருந்தது. அதன் பக்கத்தில் பெயருக்கான கட்டம் மூடியிருந்தது. நஸீமா நினைத்தால் திறக்கலாம்.

"ஒரு தடவை திறங்க மேடம். பேரை மட்டும் பாத்துக்கறேன்."

"பேரைப் பாத்தா அந்த ஒருத்தர்தான் தெரிவாங்க, சார். பாக்காத வரைக்கும் அது யாரா வேணா இருக்கலாம்."